பாட்டும் பாடினார், சிரிக்கவும் வைத்தார்!
பரவை முனியம்மா கதை

வில்லியனூர், பாகூர் பக்கம் திருவிழா மேடை ஏறும் பாடகிக்குக் குரல் மட்டும் போதாது. நாலு வார்த்தை பேசிச் சிரிக்க வைக்கணும். இல்லாவிட்டால் கூட்டம் கலைந்துவிடும்!

இந்த வித்தை தெரிந்தவர், மதுரை பக்கத்துப் பரவையைச் சேர்ந்த நாட்டுப்புறப் பாடகி முனியம்மா. 2003-ல் வெளிவந்த "தூள்" படத்தில் பாட்டியாக நடித்தார். விக்ரம் ரவுடிகளைப் புரட்டி எடுக்க, பாட்டி குரலெடுத்துப் பாட, தியேட்டரில் ஒரே விசில்! விவேக்குடன் காமெடியிலும் அதே கிராமத்து வெடுக்குப் பேச்சு. பாட்டுக்காரியாகப் பார்த்த ஜனங்கள், நம்ம வீட்டுப் பாட்டி என்று கொண்டாடினார்கள்.

கைதட்டல் கஞ்சி ஊத்துமா? 2015-ல் நோயிலும் வறுமையிலும் வாடிய அவருக்குத் தமிழக அரசு 6 லட்சம் ரூபாய் டெபாசிட் போட்டு, மாதாமாதம் வட்டி கிடைக்க வழி செய்தது. 2020 மார்ச் 29-ல் காலமானார்.

சிரிக்க வைத்தவருக்குப் பேசிய கூலியை அன்றைக்கே கொடுத்து அனுப்புங்கள், விழாக் கமிட்டியாரே!