ஒட்டுப்போர்வைக்கு எத்தனை பேர் போடுவது?

தோட்டத்துப் பெண்களுக்கு ஊசியும் நூலும் புதிதல்ல. இடுப்பில் கட்டும் படங்கு கிழிந்தால் யார் தைக்கிறார்கள்? கம்பளியில் ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போடுவது யார்? கைக்குழந்தைக்குக் கீழே விரிப்பதற்கு, நைந்துபோன இரண்டு சேலைகளை நாலாக மடித்து, ஓரத்தையும் நடுவையும் தைத்து வைத்திருப்பீர்கள். லயத்திலே எந்தக் காம்பராவுக்குப் போனாலும் அப்படி ஒன்று கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். ஆனால் இதை யாரும் ஒரு கைத்தொழில் என்று சொன்னதில்லை. நாமும் அப்படி நினைத்ததில்லை.

அதே மாதிரியான வேலை கொழும்பிலே காலி வீதிக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் விலைச்சீட்டோடு தொங்குகிறது. மெத்தை விரிப்பு, தலையணை உறை, தொட்டில் போர்வை, கைப்பை என்று பல வடிவம். நமது குடும்பங்களில் பாதிக்கு மேல் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வேலை செய்யும் ஒரு பிள்ளையாவது இருக்கிறது. கடையில் நிற்கிற தம்பி, வீட்டு வேலைக்குப் போன தங்கச்சி, கார்மண்டில் இருக்கிற மகள். அவர்கள் லீவில் வரும்போது கேட்டுப் பாருங்கள், விலையைச் சொல்வார்கள். அந்த விலையில் தைத்த கைக்கு எவ்வளவு போகிறது என்பது அவர்களுக்கும் தெரியாது. இந்த மாதம் நாம் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஒட்டுப்போர்வை என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த முகம், நடுவில் சூடு தருவதற்குப் பஞ்சோ பழைய கம்பளியோ, அடியில் ஒரே துணி. இந்த மூன்றும் நழுவாமல் இருக்க, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டி முழுவதும் நேர்த்தையல் போடுவார்கள். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பார்கள். அதற்குக் காந்தா என்று பேர். நம்முடைய 'கந்தை'யும் அந்தச் சொல்லும் உறவுக்காரர்கள். கந்தை என்று நாம் ஒதுக்குவதை அவர்கள் காந்தா என்று ஊர் ஊராக விற்கிறார்கள்.

கொழும்பில் துணிக்குப் பஞ்சமில்லை. வெள்ளவத்தை காலி வீதியில் சேலைக்கடை இருக்கிற இடமெல்லாம் பக்கத்துச் சந்தில் பிளவுஸ் தைக்கும் கடை ஒன்று இருக்கும். ஒரு பிளவுசுக்கு வெட்டினால் கையகலத் துண்டுகள் மிஞ்சும். கொட்டாஞ்சேனையில் வீட்டுக்குள்ளேயே மெசினைப் போட்டு, புறக்கோட்டைக் கடைகளுக்குத் துண்டுக் கணக்கில் கவுன் தைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அங்கேயும் மூட்டை மூட்டையாக வெட்டுத்துணி சேரும். சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல், முதல் கடை புறக்கோட்டையில். அன்றிலிருந்து மெசின் சத்தம் அந்தப் பக்கம் ஓயவில்லை.

வெள்ளவத்தையில் ஒரு காலத்தில் துணியே நெய்தார்கள். வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் நிறையப் பேர், குறிப்பாக மலையாளிகள், அங்கே வேலை செய்தார்கள். 1933இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தபோது அவர்கள் பக்கம் நின்றவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1970 முதல் 1975 வரை பெருந்தோட்டத்துறை அமைச்சராக இருந்தாரே, அதே கொல்வின்தான். இன்று அந்த ஆலை இல்லை. அந்த நிலத்தில் ஹெவ்லொக் சிட்டி என்ற மாடிவீடுகள் நிற்கின்றன.

ஆலை போனதைவிட நமக்குப் பாடமாக இருப்பது கைத்தறி போனது. 1977இல் இறக்குமதியைத் திறந்துவிட்டதும் வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவிந்தது. ஊர்களில் இருந்த கைத்தறி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அதில் கூலி வாங்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அடுத்த ஆண்டே, 1978இல், கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. 1992இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்தது. தறியில் உட்கார வேண்டிய பிள்ளைகள் கார்மண்டுக்குப் போனார்கள். அது தப்பு என்று நாம் சொல்லவில்லை, அந்தச் சம்பளத்தில் தோட்டத்தில் எத்தனையோ வீட்டுக்கு அடுப்பு எரிந்தது. ஆனால் கார்மண்டில் பத்து வருடம் வேலை செய்த பிள்ளைக்குச் சில வேளை காலர் மட்டும்தான் தைக்கத் தெரியும். முழுச் சட்டை தெரியாது. வேலையை விட்டு வந்தால் கையில் தொழில் என்று சொல்ல அரைத்தொழில்தான் இருக்கும்.

கைத்தறி முழுவதுமாகச் சாகவில்லை. அதற்குக் காரணமானவர்களில் நல்லாயன் சபைக் கன்னியரும் உண்டு, கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூடம் நடத்துகிறார்களே அவர்கள்தான். ஆதரவில்லாத பெண்பிள்ளைகளுக்கு நெசவு சொல்லிக் கொடுத்த அந்தச் சபையார், நிறம் சேர்த்துக் கொடுக்கும்படி 1950களின் கடைசியில் பார்பரா சன்சோனி என்ற ஓவியரைக் கேட்டார்கள். அவர் போட்டுக் கொடுத்த நிறங்களில் நெய்த துணி விலைபோனது. பிறகு அவரே பேர்ஃபுட் என்ற கடையை வளர்த்தார். கொள்ளுப்பிட்டியில் காலி வீதியில் இப்போதும் இருக்கிறது. 2022இல் அவர் காலமானார். அந்தப் பிள்ளைகளுக்குத் தறி ஓட்ட ஏற்கெனவே தெரியும். நிறப் பொருத்தமும், சுத்தமான முடிப்பும், வாங்குகிற ஆளும் சேர்ந்தபோதுதான் காசு வந்தது.

இன்னொரு கதை அமெரிக்காவில். அதுவும் ஒரு தோட்டத்துக் கதை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் இடம். பருத்தித் தோட்டம். கறுப்பின மக்கள் அங்கே அடிமைகளாக வேலை செய்தார்கள். பெட்வே என்பது தோட்டக்காரனுடைய பேர். இன்றைக்கும் அங்குள்ள குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தப் பேர்தான் குடும்பப் பெயர். அடிமைத்தனம் போன பிறகும் அதே மண்ணில் குத்தகைக்காரர்களாகக் கிடந்தார்கள். பலகை வீட்டில் குளிர் தாங்காது. வேலைக்குப் போட்டுக் கிழிந்த காற்சட்டை, சட்டை, மா மூட்டைத் துணி எல்லாவற்றையும் வெட்டிச் சேர்த்துப் போர்வை தைத்தார்கள். முழங்கால் தேய்ந்த இடம் வெளிறியும், பை இருந்த இடம் கருநீலமாகவும் அப்படியே தெரியும். அதை மறைக்கவில்லை, அதுவே அழகாகிப் போனது.

1966இல் அந்தப் பகுதிப் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் ஒன்று அமைத்தார்கள். பெரிய கடைகளிலிருந்து ஓடர் வந்தது. 2002இல் அவர்களுடைய போர்வைகள் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயோர்க்கிலும் சுவரில் தொங்கின. 2006இல் அமெரிக்க அரசாங்கம் தபால்முத்திரையிலே போட்டது. பேரும் புகழும் வந்தாயிற்று. ஆனால் தங்களுக்குச் சேர வேண்டிய பங்கு கிடைக்கவில்லை என்று அந்தப் பெண்களில் சிலர் 2007இல் வழக்குப் போட வேண்டியிருந்தது. அடுத்த வருடம் அது இணக்கமாக முடிந்தது. பொருள் பேரெடுத்தால் பணம் தானாக வந்துவிடும் என்று நினைக்கிற தங்கச்சிமார் இதைக் கவனிக்க வேண்டும்.

நம்ம பக்கத்திலும் நடந்ததுதான். நமது பிரிவைச் சேர்ந்த ஓர் அக்கா ஆறு தலையணை உறை தைத்துக் கொழும்பில் ஒரு கடைக்குக் கொடுத்தார். 'விற்ற பிறகு காசு' என்ற பேச்சு. மூன்று மாதம் கழித்து மூன்றுக்குக் காசு வந்தது. இரண்டு அழுக்காகித் திரும்பி வந்தன. ஆறாவதற்குக் கணக்கே இல்லை. கேட்டால், ஐந்துதானே கொடுத்தீர்கள் என்றார்களாம். கையில் துண்டு இல்லாததால் அக்காவால் ஒன்றும் பேச முடியவில்லை. வந்த காசைக் கணக்குப் பார்த்தால், ஓர் உறைக்கு அரைப்பேர்கூடத் தேறவில்லை.

பேர் என்ற கணக்கு நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள், அன்றைக்கு வீடு முழுக்கச் சண்டை. மலையில் அரைப்பேருக்கு அவ்வளவு கோபப்படுகிற நாம், நம்ம கைத்தையலுக்கு மட்டும் ஏன் பேரே போடுவதில்லை? 'சும்மா இருக்கிற நேரத்தில் தைத்ததுதானே' என்கிறோம். மாலையில் பைப்படியில் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளையைத் தூங்க வைத்த பிறகு லைட் வெளிச்சத்தில் கண்ணை இடுக்கித் தைப்பது சும்மா இருக்கிற நேரமா?

ஒரு சின்னப் போர்வையை எடுத்துக்கொள்வோம். தொட்டில் பிள்ளைக்கு, 36 அங்குல அகலம், 48 அங்குல நீளம். ஆறங்குலச் சதுரமாகப் போட்டால் அகலத்துக்கு 6, நீளத்துக்கு 8, ஆகமொத்தம் 48 சதுரம். நாலு பக்கமும் தையலுக்குள் கால் அங்குலம் போகும், ஆகவே ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். மட்டை ஒன்றை அந்த அளவுக்கு வெட்டி வைத்துக்கொண்டால் 48ம் ஒரே மாதிரி வரும். கண்ணளவு வேண்டாம். ஒரு சதுரத்தில் நூலளவு தப்பினால் எட்டாவது வரிசையில் விரலளவு கோணும்.

வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, பெரும்பாலானோர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். துணிகளைத் தனித்தனியாக நனைத்துக் காயப்போட வேண்டும். பருத்தி சுருங்கும். சிவப்பு, மெரூன் சாயம் இறங்கும். தைத்து முடித்த பிறகு முதல் துவையலில் வெள்ளைச் சதுரம் ரோஸ் நிறமானால் அந்தப் போர்வையை யார் வாங்குவார்? பருத்தியையும் பொலியெஸ்டரையும் ஒன்றாகச் சேர்க்கவும் கூடாது, ஸ்திரிக்கைப் பெட்டி பட்டால் ஒன்று தாங்கும், மற்றது சுருண்டு போகும். எது எது என்று தெரியாவிட்டால் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். காகிதம்போல எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டால் பொலியெஸ்டர். வெள்ளவத்தை பிளவுஸ் துண்டில் இரண்டும் கலந்துதான் வரும்.

இனிக் கணக்கு. கொஞ்சம் பழகிய கைக்கு வெட்ட 2 மணி, மெசினில் சேர்க்க 5 மணி, மூன்று அடுக்கையும் வைத்துக் கையால் தைக்க 14 மணி, ஓரம் கட்ட 3 மணி என்று வைத்துக்கொள்வோம். ஆக 24 மணி. எட்டு மணி ஒரு பேர் என்றால் மூன்று பேர். இதுதான் கூலி. இதற்கு மேல் அடித்துணி, நூல், ஊசி, துணி ஏற்றிவந்த பஸ்காசு. வெட்டுத்துணி இனாமாகக் கிடைத்தது என்று அதைச் சுழியம் போடாதீர்கள், அடுத்த தடவை இனாமாகக் கிடைக்காது. எல்லாம் கூட்டினால் வருவதுதான் உங்கள் அடிவிலை. அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்காமல் பிள்ளைக்குப் போர்த்திவிடுவது மேல். கடைக்காரர் அதன்மேல் தம் பங்கை வைப்பார். அது நியாயம், அவரும் கடை வாடகை கட்ட வேண்டும். நமது அடிவிலையில் கைவைப்பதுதான் நியாயமில்லை.

விற்பனைக்குக் கொடுக்கும்போது கொப்பியில் திகதி, எண்ணிக்கை, நமக்கு வரவேண்டிய விலை மூன்றையும் எழுதி, வாங்குகிறவரின் கையெழுத்தை வாங்குங்கள். அச்சடித்த பற்றுச்சீட்டு தேவையில்லை. அந்த அக்கா இப்போது அப்படித்தான் செய்கிறார், கடையையும் மாற்றிவிட்டார். கைவினைஞராகப் பதிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய அருங்கலைகள் பேரவை இருக்கிறது. 1964 முதல் நடக்கிற லக்சல அரசாங்கக் கடைகளும் இருக்கின்றன. எந்த இடமானாலும் அவர்கள் முதலில் போர்வையைத் திருப்பி அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். முடிச்சும் தொங்கும் நூலும் தெரியக்கூடாது.

விற்பதைப் பேசினோம், வாங்குவதையும் ஒரு சொல் சொல்ல வேண்டும். தீபாவளி அட்வான்ஸ் கையில் வந்ததும் டவுனில் பளபளக்கிற துணியைத்தான் நம் சனம் தேடுகிறது. அந்த அட்வான்ஸ் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுப்படும்போது சேலை ஏற்கெனவே வெளிறியிருக்கும். ஒருவருக்காவது கைத்தறியில் ஒன்று எடுங்கள். நம் கையைப்போல இன்னொரு கைக்கும் பேர் விழட்டும். பற்றிக் என்று சொல்லி விற்றால் துணியைத் திருப்பிப் பாருங்கள். மெழுகு வைத்துச் சாயம் ஏற்றியதில் இரண்டு பக்கமும் நிறம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். மெசினில் அச்சடித்ததில் பின்பக்கம் மங்கலாகத் தெரியும்.

தீபாவளிக்கு முந்தின வாரங்களில்தான் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தையல் கடைகளில் வெட்டுத்துணி அதிகம் சேரும், குப்பை வண்டிக்கும் போகும். அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். கடைக்காரரிடம் மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். ஊருக்கு வரும்போது பருத்தி ஒரு பை, மற்றது ஒரு பை என்று பிரித்துக் கட்டிக்கொண்டு வரட்டும். பிரிக்காமல் கொண்டுவந்தால் அந்த வேலையே நமக்கு அரைப்பேர்.