கணக்குக்குள் குடிவந்த சொற்செயலி

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மலைச்சரக்குக் கடைக்கு 2006-ஆம் ஆண்டு நான் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். வரவு, இருப்பு, பாக்கி எல்லாம் அதில் வந்துவிட்டன. கடிதம் மட்டும் வரவில்லை. போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரிக்குத் தமிழ், உள்ளூர்த் தரகருக்கு மலையாளம், கப்பல் ஏஜெண்டுக்கு ஆங்கிலம் என்று மூன்று மொழியில் கடிதம் போகும் கடை அது. பாக்கித் தொகையைத் துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு, வேறொரு நிரலைத் திறந்து, மறுபடி அடிப்பார்கள். ஓர் இலக்கம் மாறினால் சண்டைதான்.

கடைக்கார அண்ணாச்சி ஒருநாள் கேட்டார்: "தம்பி, கணக்கு இருக்கிற இடத்துலயே கடுதாசியும் அடிக்க முடியாதா? எதுக்கு ரெண்டு இடத்துக்கு ஓடணும்?"

நியாயமான கேள்வி. ஆனால் நான் அதுவரை பழகியிருந்த விஷுவல் பேசிக் 6-இன் எழுத்துப் பெட்டிகள் யூனிகோடு அறியாதவை. தமிழைக் கொடுத்தால் கேள்விக்குறிகள்தான் வரிசையாக நிற்கும். வரி மடிப்பு, அட்டவணை, அச்சு எல்லாம் தெரிந்த ஒரு சொற்செயலியை நானே எழுதுவது ஒற்றை ஆளால் ஆகிற காரியமல்ல. அடுத்தவர் செய்ததை என் நிரலுக்குள் அமர்த்துவதே வழி. இதைத்தான் உட்பொதித்தல் என்கிறோம்.

மூன்று வழிகள்

முதல் வழி, கோப்பைத் தனியே திறந்து விடுவது. பிறகு அங்கே என்ன நடக்கிறது என்று நம் நிரலுக்குத் தெரியாது. இரண்டாவது, மறைவில் நின்று ஏவுவது. மாதிரிக் கடிதத்தில் பெயரையும் தொகையையும் நம் நிரல் நிரப்பும். சொற்செயலி கண்ணில் படாமலே அச்சிட்டுத் தரும். மூன்றாவது, நம் ஜன்னலுக்குள்ளேயே அதைக் குடியமர்த்துவது.

இந்த மூன்றாவது எண்ணம் புதிதல்ல. மைக்ரோசாஃப்ட் 1990-இல் ஓ.எல்.இ. என்ற முறையைக் கொண்டுவந்தது. 1993-இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தபின், வேர்டு கடிதத்தில் இருக்கும் எக்செல் அட்டவணையை இருமுறை சொடுக்கினால் அங்கேயே திருத்தலாம் என்றாயிற்று. நான் எடுத்துக்கொண்டது ஓப்பன் ஆஃபீஸ். ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் செய்த ஸ்டார் ஆஃபீஸை 1999-இல் சன் நிறுவனம் வாங்கி, 2000-இல் மூலநிரலைத் திறந்துவிட்டது. அதிலிருந்து வந்ததே இது. உரிமக் கட்டணம் கிடையாது.

என் நிரலை ஜாவாவில் எழுதி, அதில் ஒரு வெற்றுச் சட்டத்தை வைத்தேன். அந்தச் சட்டத்தின் அடையாள எண்ணை ஓப்பன் ஆஃபீஸிடம் கொடுத்தால், அது அந்த இடத்தில் தன்னை வரைந்துகொள்ளும். கவனியுங்கள், ஜன்னல் மட்டுமே என் வீட்டில், இயக்கம் தனி. நாம் கொச்சியில் குடியிருப்பது மாதிரிதான். முகவரி இங்கே, அடுப்பு நம்முடையது, வாசலில் பேசுவது மலையாளம். நிரலுக்கும் ஓப்பன் ஆஃபீஸுக்கும் இடையிலான அந்த வாசல் மொழியின் பெயர் யூனோ.

நான் செய்த பிழை

என் நிரலை மூடிய பிறகும் ஓப்பன் ஆஃபீஸின் இயக்கம் நினைவகத்தில் தங்கிவிடும். எரிச்சலில், மூடும்போதே அதை வலுக்கட்டாயமாக நிறுத்தும்படி எழுதினேன். ஒரு மாலை, கணக்குப் பார்க்கும் சேச்சி சேமிக்காமல் தனியாக அடித்துக்கொண்டிருந்த கடிதமும் அதோடு போயிற்று. ஒரு பயனருக்கு வழக்கமாக ஒரே இயக்கம்தான். அவர் திறக்கும் எல்லா ஜன்னல்களும் அதனுடையவை. நான் என் குடியிருப்பாளரை வெளியேற்றுவதாக நினைத்து அவர் வீட்டையே இடித்துவிட்டேன்.

அன்றிரவே மாற்றினேன். என் நிரலுக்கென்று தனிப் பயனர் அமைப்புக் கோப்புறை. அதனால் தனி இயக்கம். முதலில் ஆவணத்தை முறையாக மூடி, பிறகே விடைபெறச் சொல்ல வேண்டும். இன்னொன்று, ஜாவா 32 பிட் என்றால் அலுவலகத் தொகுப்பும் 32 பிட்டாகவே இருக்க வேண்டும். 64 என்றால் இரண்டும் 64.

மிஞ்சியது எது?

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. கடை வேறு மென்பொருளுக்கு மாறியது. என் நிரல் ஓய்வு பெற்றது. ஆனால் அதில் எழுதிய கடிதங்கள் எல்லாம் இன்றும் திறக்கின்றன. காரணம், அவற்றை என் சொந்த வடிவில் பூட்டாமல், 2006-இல் உலகத் தர அமைப்பு ஏற்ற ஓ.டி.எஃப். வடிவில் சேமித்ததுதான். 2010-இல் ஓப்பன் ஆஃபீஸிலிருந்து பிரிந்த லிப்ரே ஆஃபீஸ் அவற்றைச் சிரமமின்றிப் படிக்கிறது. பாக்கித் தகராறு வந்தால் அண்ணாச்சி பழைய கடிதத்தை எடுத்து நீட்டுகிறார்.

நம் குடும்பங்களில் பலர் கடை வைத்திருக்கிறோம். பிள்ளைகள் பலர் மென்பொருள் எழுதுகிறார்கள். இரு தரப்புக்கும் மூன்று கேள்விகளைச் சொல்லி முடிக்கிறேன். உள்ளே அமர்த்திய கூறு நின்றுபோனால் மற்ற வேலை நடக்குமா? அதை மூடும்போது அடுத்தவர் வேலை கெடுமா? இந்த மென்பொருளே நாளை இல்லாமல் போனால் நம் ஆவணம் திறக்குமா? மூன்றாவதற்கு ஆம் என்ற பதில் வராவிட்டால் காசு கொடுக்காதீர்கள்.