சமக்குறிகள் எல்லாம் சமமல்ல

அ = அ + 1

இந்த வரியைக் கணக்கு ஆசிரியரிடம் காட்டினால் என்ன சொல்வார்? “இரு பக்கத்திலிருந்தும் அ-வைக் கழித்தால் 0 = 1 என்று வருகிறதே!” என்று சிவப்பு மையால் அடித்துவிடுவார். அவர் செய்வது சரிதான். ஆனால் இதே வரியைச் சி மொழியில் எழுதிக் கணிப்பொறியிடம் கொடுத்தால், அது மறுப்பின்றி ஏற்றுக்கொள்கிறது. ஏன்?

கணக்கில் சமக்குறி ஓர் உண்மையைக் கூறுகிறது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றே என்பது அதன் பொருள். சி மொழியில் அது ஒரு கட்டளை. “வலப்பக்கத்தைக் கணக்கிடு, கிடைத்த விடையை இடப்பக்கப் பெயருக்குரிய இடத்தில் வை” என்று அது ஆணையிடுகிறது. ‘அ’ என்பதைக் கணிப்பொறியின் நினைவகத்தில் உள்ள ஒரு பெட்டியின் பெயர் எனக் கொள்ளுங்கள். அதில் 5 இருந்தால், மேற்கண்ட கட்டளை நிறைவேறிய பின் 6 இருக்கும். இவ்வாறு மதிப்பு மாறக்கூடிய பெட்டிக்கு ‘மாறி’ என்று பெயர். கூட்டு, வகு, ஒப்பிடு, எடுத்து வை என்றெல்லாம் ஏவும் அடையாளங்களே ‘செயற்குறிகள்’. (புரிவதற்காக இங்கே மாறிகளுக்குத் தமிழ் எழுத்துகளைப் பயன்படுத்துகிறோம். நடைமுறையில் ஆங்கில எழுத்துகளே வழக்கம்.)

மீதியைத் தரும் குறி

கூட்டலும் கழித்தலும் நாம் அறிந்த குறிகளே. பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி, வகுத்தலுக்குச் சாய்கோடு. ஆனால் 7 / 2 என்று எழுதினால் 3.5 கிடைக்காது, 3 தான் கிடைக்கும். இரண்டும் முழு எண்களானால் ஈவும் முழு எண்ணாகவே வரும், பின்னம் கழிக்கப்படும். மீதி வேண்டுமானால் % என்ற குறியை இட வேண்டும். 7 % 2 என்பதன் மதிப்பு 1. பார்வைக்குச் சதவீதக் குறி போல் இருந்தாலும் சதவீதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மீதியால் என்ன பயன்? லீப் ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். ‘ஆ’ என்ற மாறியில் ஆண்டு இருக்கட்டும்.

(ஆ % 4 == 0 && ஆ % 100 != 0) || ஆ % 400 == 0

இதில் == என்பது “சமமா?” என்ற கேள்வி. != என்பது “சமமில்லையா?” என்ற கேள்வி. && என்பது இரு பக்கமும் உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது; || என்பது ஏதேனும் ஒன்று போதும் என்கிறது. 1900-ஐ இட்டுப் பாருங்கள். 4-ஆல் மீதியின்றி வகுபடுகிறது, ஆனால் 100-ஆலும் வகுபடுகிறது, 400-ஆல் வகுபடவில்லை. எனவே விடை பொய்; அது லீப் ஆண்டு அன்று. 2000 என்பது 400-ஆல் வகுபடுவதால் லீப் ஆண்டு.

சி மொழியில் உண்மைக்கும் பொய்க்கும் எண்களே விடை. ஒப்பீடு உண்மையானால் 1, பொய்யானால் 0. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: && இருக்குமிடத்தில் கணிப்பொறி முதலில் இடப்பக்கத்தைப் பார்க்கும். அது பொய்யானால் வலப்பக்கத்தைத் தொடவே தொடாது.

ஒரு குறி குறைந்தால்?

== என்று கேட்க வேண்டிய இடத்தில் தவறுதலாக = என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? “அ-வில் 0 இருக்கிறதா?” என்ற கேள்வி, “அ-வில் 0-ஐ வை” என்ற கட்டளையாகிவிடும். முன்பிருந்த மதிப்பு அழிந்துபோகும். அதோடு, எடுத்து வைக்கும் செயலுக்கும் சி மொழியில் ஒரு மதிப்பு உண்டு. வைத்த எண்ணே அந்த மதிப்பு. வைத்தது 0 ஆகையால் நிபந்தனை எப்போதும் பொய். வைத்தது 5 என்றால் நிபந்தனை எப்போதும் உண்மை. ஏனெனில் 0 அல்லாத எதுவும் உண்மையாகக் கொள்ளப்படும்.

இத்தகைய வழுக்குப் பாதையை ஏன் அமைத்தார்கள்? அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி 1970-களின் தொடக்கத்தில் சி மொழியை உருவாக்கினார். அதற்கு முன்னோடி, அங்கேயே கென் தாம்சன் உருவாக்கிய பி மொழி. பழைய மொழிகள் சிலவற்றில் எடுத்து வைப்பதற்கு := என்ற குறி இருந்தது. நிரல்களில் ஒப்பிடுவதைவிட எடுத்து வைப்பதே ஏறத்தாழ இருமடங்கு மிகுதி. ஆகவே அதன் குறி பாதி நீளம் இருப்பது பொருத்தம் என்று தாம்சன் கருதினார். அந்தச் சிக்கனம் சி மொழிக்கும் வந்து சேர்ந்தது.

2003-இல் நடந்தது

இந்த ஒற்றைக் குறியைப் பயன்படுத்திக்கொள்ள ஒருவர் முயன்றார். லினக்ஸ் இயக்க அமைப்பின் உட்கரு பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. 2003 நவம்பரில், அதன் மூல நிரலின் ஒரு பொதுப் பிரதிக்குள் யாரோ ஊடுருவி இரண்டு வரிகளைச் செருகிவிட்டார். பார்வைக்கு அது சாதாரணப் பிழைச் சோதனை போலவே இருந்தது. && குறியின் இடப்பக்கம், வழக்கத்தில் வராத ஒரு தேர்வுச் சேர்க்கை. வலப்பக்கம், பயனரின் எண் = 0.

லினக்ஸில் 0 என்ற எண்ணுக்குரிய பயனருக்கு எல்லா அதிகாரமும் உண்டு. == என்றிருந்தால் அவர்தானா என்ற சோதனையோடு போயிருக்கும். = என்றிருந்ததால், அந்த இரகசியச் சேர்க்கையை அறிந்த எவரும் ஒரே நொடியில் கணிப்பொறியின் முழு அதிகாரியாகிவிடலாம். மற்றவர்களுக்கு இடப்பக்கம் பொய்யாகவே இருக்கும், வலப்பக்கம் இயங்காது, எனவே யாருக்கும் ஐயம் எழாது. வைத்த மதிப்பு 0 ஆகையால் பிழைச் செய்தியும் வராது. நாம் மேலே கண்ட விதிகள் அனைத்தும் அந்த இரண்டு வரிகளில் அடங்கியிருந்தன!

நல்லவேளையாக, மூலப் பதிவேட்டில் இல்லாத ஒரு மாற்றம் பிரதியில் இருப்பது தெரியவந்து, அது நீக்கப்பட்டது. மூலத்துக்குள் அது நுழையவே இல்லை.

தற்காப்பு

நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர்கள் பல, நிபந்தனைக்குள் = வந்தால் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை அணைத்து வைக்காதீர்கள். சிலர் எண்ணை முன்னே இட்டு 0 == அ என எழுதுவர். ஒரு குறி விடுபட்டு 0 = அ என்றானால், 0-க்குள் எதையும் வைக்க முடியாதாகையால் கம்பைலர் உடனே மறுத்துவிடும். 1995-இல் வெளிவந்த ஜாவா மொழியோ, நிபந்தனையில் எண்ணையே ஏற்பதில்லை. உண்மை, பொய் என்ற மதிப்புகளை மட்டுமே ஏற்கும்.

முடிவாக உங்களுக்கு ஒரு பயிற்சி. அ-வில் 50 இருக்கிறது. 1 < அ < 10 என்று எழுதினால் சி மொழியில் விடை என்ன? பொய் என்றா சொன்னீர்கள்? கணிப்பொறி இடமிருந்து வலமாகச் செல்லும். 1 < 50 உண்மை; ஆகவே 1. பிறகு 1 < 10, அதுவும் உண்மை! அ-வில் எந்த எண் இருந்தாலும் இதே விடைதான். சரியாகக் கேட்க 1 < அ && அ < 10 என்று எழுத வேண்டும்.

கணிப்பொறி நம் மனத்தில் உள்ளதைப் படிப்பதில்லை. எழுதிய குறியை மட்டுமே படிக்கிறது. எனவே ஒவ்வொரு செயற்குறியையும் இடும்போது, அது கேள்வியா கட்டளையா என்று ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.