குடோன் சாவி யாரிடம்?
(தொடர் – பகுதி 11)

விற்ற பொருளை எடுத்து, கட்டி, வாங்கியவர் வாசலில் சேர்க்கும் வேலையை நிறுவனமே செய்வதா, அதற்கென்றே இருக்கும் இன்னொரு நிறுவனத்திடம் ஒப்படைப்பதா என்ற கேள்வி, நாளுக்கு 5 பார்சல் போகும் காலத்தில் எழுவதில்லை. வீட்டு முன்னறையே குடோன், முதலாளியே பேக்கிங் ஆள். பார்சல் 50 ஆகும்போது முன்னறையில் கால் வைக்க இடமிருக்காது. மாலையில் கூரியர் வண்டி வந்து வாசலில் நிற்கும். பாதிப் பெட்டிகளில் முகவரிச் சீட்டு ஒட்டியிருக்காது. கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

ஒப்படைக்கப்படுவது ஒற்றை வேலை அல்ல. வரும் சரக்கை எண்ணி இறக்குவது, அடுக்குவது, ஆர்டர் வந்ததும் தேடி எடுப்பது, கட்டுவது, ஊர் ஊராகக் கொண்டு சேர்ப்பது, திரும்பி வருவதை வாங்கிச் சரிபார்ப்பது என்று ஆறு வேலைகள் அதற்குள் இருக்கின்றன. இவற்றில் கொண்டு சேர்ப்பதை ஏறக்குறைய எல்லோருமே ஏற்கெனவே வெளியாரிடம் கொடுத்தாயிற்று. 10 சட்டைகளைக் கொல்கத்தாவுக்குச் சொந்த வண்டியில் அனுப்ப யாரும் நினைப்பதில்லை. ஆகவே கேள்வி மீதி ஐந்தைப் பற்றியது. அவற்றைச் சேர்த்து ஏற்று நடத்தும் நிறுவனங்களைத் தொழிலில் ‘த்ரீ பி.எல்.’ என்கிறார்கள், அதாவது மூன்றாம் தரப்பு. (குடோன் என்ற சொல்லையே ‘கிடங்கு’ என்ற தென்னிந்தியச் சொல்லோடு அகராதிகள் தொடர்புபடுத்துகின்றன. வெளியே போன சொல் உருமாறித் திரும்பி வந்திருக்கிறது. வெளியே கொடுக்கும் சரக்கும் சில சமயம் அப்படித்தான் திரும்பும்.)

முதலில் பார்க்க வேண்டியது செலவு. திருப்பூரில் பனியனும் டி-ஷர்ட்டும் தைத்து இணையத்தில் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். எண்கள் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்டவை. குடோன் வாடகை ரூ.20,000, இரண்டு ஆட்களுக்குச் சம்பளம் ரூ.30,000, மின்சாரம், இன்டர்நெட், காப்பீடு ரூ.5,000. மொத்தம் மாதம் ரூ.55,000. பார்சல் போனாலும் போகாவிட்டாலும் இந்தப் பணம் போகும். மாதம் 1,000 பார்சல் என்றால் ஒன்றுக்கு ரூ.55. தீபாவளி மாதத்தில் 2,500 போனால் ரூ.22. அடுத்த மாதம் 600-க்கு விழுந்தால் ஏறத்தாழ ரூ.92. வெளி நிறுவனம் இருப்பு வைக்கவும் எடுத்துக் கட்டவும் சேர்த்து பார்சலுக்கு ரூ.35 கேட்கிறது என்று கொண்டால், மாதம் சுமார் 1,570 பார்சலில் இரண்டு வழியும் சமமாகின்றன. அதற்குக் கீழே வெளி ஆள் மலிவு. மேலே சொந்த குடோன் மலிவு.

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, சிறு நிறுவனங்கள் தங்கள் செலவைக் குறைத்தே எழுதுகின்றன. முதலாளியின் மனைவி இரவு 10 மணிக்கு உட்கார்ந்து டேப் ஒட்டுவதும், கல்லூரி விட்டு வந்த மகன் பில் அச்சடிப்பதும் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. அந்த மணிகளுக்கு ஒரு கூலி போட்டால் ரூ.55,000 என்பது ரூ.70,000 ஆகிவிடலாம். இரண்டாவது, வெளி நிறுவனத்தின் ரூ.35-ம் அப்படியே நிற்பதில்லை. இறக்குக்கூலி தனி, திரும்பி வரும் சரக்கைப் பிரித்துப் பார்க்கத் தனி, மாதக் குறைந்தபட்ச பில் தனி. விற்காமல் தூங்கும் சரக்குக்கும் இட வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே டி-ஷர்ட் வடிவம் 5 அளவு, 6 நிறம் என்றால் 30 வகை. அதில் 8 வகைதான் ஓடும் என்றால், மீதி 22 வகையும் வாடகை தின்னும். விலைப்பட்டியலை வைத்து முடிவெடுக்கக் கூடாது. கடந்த 12 மாத ஆர்டர்களை அந்தப் பட்டியலில் ஓட்டிப் பார்த்தே எடுக்க வேண்டும். பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை.

அனுப்பும் கட்டணத்தில் எடையைவிடப் பெட்டியின் பருமன் பேசும். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவதைக் கிலோவாகக் கொள்வது கூரியர் தொழிலில் பரவலான வழக்கம். உண்மை எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். ஒரு கிலோ தலையணையை 60 × 40 × 15 பெட்டியில் போட்டால் 7.2 கிலோவுக்குக் காசு கட்ட வேண்டும். கரூர்ப் படுக்கை விரிப்பு வியாபாரிக்கு இது தெரியும். அழுத்திக் கட்டி, சின்னப் பெட்டியில் திணிப்பார். வெளி குடோனில் கையில் கிடைத்த பெட்டியில் போடுவார்கள். பல வியாபாரிகளின் பார்சலைச் சேர்த்துக் கொடுப்பதால் கூரியரிடம் குறைந்த விலை பேசும் பலம் வெளி நிறுவனத்துக்கு உண்டு. ஆனால் தவறான பெட்டி அந்த லாபத்தை விழுங்கிவிடும்.

பொருளின் தன்மை அடுத்தது. ஒரே மாதிரியான, உடையாத, கெடாத, அளவு மாறாத பொருள்கள் வெளி குடோனுக்கு ஏற்றவை. உடன்குடிக் கருப்பட்டி அப்படியல்ல. ஈரக்காற்று பட்டால் கசியும். உணவுப் பொருள் என்பதால் அதை வைக்கும் குடோனுக்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவோ உரிமமோ வேண்டும். முதலில் கெடக்கூடியதை முதலில் அனுப்பும் ஒழுங்கும் வேண்டும். ஆடையில் சிக்கல் திரும்பி வருவதில்தான். வாசலில் பணம் வாங்கிக்கொண்டு பொருள் தரும் முறையில் அனுப்பியவற்றில் ஒரு பகுதி கதவு தட்டிவிட்டு அப்படியே திரும்பும். வாங்கியபின் திருப்பி அனுப்பப்படுவதும் உண்டு. அப்படித் திரும்பிய சட்டையைப் பிரித்து, ஒருமுறை போட்டுப் பார்த்ததா, துவைத்ததா என்று தைத்தவருக்குத் தொட்டாலே தெரியும். வெளி குடோன் ஆளுக்கு இரண்டே குவியல்தான்: நல்லது, கெட்டது. கெட்டதில் விழுந்த நல்லதும், நல்லதில் விழுந்த கெட்டதும் நஷ்டமே. பின்னதில் வாடிக்கையாளரும் போவார்.

இடத்தைப் பற்றிய கேள்வி வரியோடு பின்னிக் கிடக்கிறது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வருமுன், மாநிலம் கடந்த விற்பனைக்கு மத்திய விற்பனை வரி இருந்தது. சொந்தக் கிளைக்குச் சரக்கை மாற்றினால் அது இல்லை. அதனால் பெரிய நிறுவனங்கள் மாநிலத்துக்கொரு சிறு குடோன் வைத்திருந்தன. குடோன் எங்கே என்பதை வரைபடம் தீர்மானிக்கவில்லை, வரி தீர்மானித்தது. ஜி.எஸ்.டி. அந்தக் காரணத்தை எடுத்துவிட்டது. இன்று வேறு மாநிலத்தில் சரக்கு வைக்க ஒரே நியாயம் தூரமும் வேகமும்தான். மும்பை வாடிக்கையாளருக்காக அருகிலுள்ள பிவண்டியில் வெளி குடோன் பிடித்தால், மகாராஷ்டிரத்தில் தனி ஜி.எஸ்.டி. பதிவு எடுத்து, அந்த குடோனை வணிக இடமாகக் காட்ட வேண்டும். சொந்தச் சரக்கைத் தன் இன்னொரு பதிவுக்கே அனுப்பினாலும் வரி கட்ட வேண்டும். பிறகு அந்த வரிக்கு வரவு கிடைக்கும் என்றாலும் அதுவரை பணம் முடங்கும். ரூ.50,000-க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் கடந்தால் இ-வே பில்லும் வேண்டும். வாடிக்கையாளரில் முக்கால்வாசிப் பேர் தமிழ்நாட்டிலேயே இருக்கும் வியாபாரிக்கு, கோயம்புத்தூரிலோ சென்னையை ஒட்டியோ கிடைக்கும் குடோன் இந்தத் தலைவலிகளில் பெரும்பாலானவற்றைத் தராது.

கட்டுப்பாடு என்பது இவை எல்லாவற்றையும்விடக் கணக்கில் பிடிபடாதது. அமெரிக்கக் காலணி விற்பனை நிறுவனமான ஜாப்போஸ் 2002-ல் தன் இருப்பு முழுவதையும் கென்டக்கி மாநிலத்தில் இ-லாஜிஸ்டிக்ஸ் என்ற வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அங்குள்ள லூயிவில் நகரில் யு.பி.எஸ். கூரியர் நிறுவனத்தின் விமானச் சரக்கு மையம் இருப்பதால் நாட்டின் பெரும்பகுதிக்கு விரைவாகப் பொருள் சேரும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் காலணிக்கே உரிய எண்ணற்ற அளவு, நிற, வடிவ வேறுபாடுகளை அந்த குடோனால் கையாள முடியவில்லை. சில மாதங்களில் ஜாப்போஸ் வெளியேறி, சொந்த குடோன் திறந்தது, அதே கென்டக்கியில். இடத்தைத் தேர்ந்ததில் பிழையில்லை, ஆளைத் தேர்ந்ததில்தான் பிழை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். நிறுவனத் தலைவராக இருந்த டோனி ஷே, 2010-ல் எழுதிய நூலில் குடோனை வெளியாரிடம் ஒப்படைத்ததைத் தங்கள் பெரிய தவறுகளில் ஒன்றாகவே சொல்கிறார்.

மாற்றும் நாள் தனி ஆபத்து. பிரிட்டனில் கே.எஃப்.சி. 2018 பிப்ரவரியில் விநியோக வேலையை பிட்வெஸ்ட் நிறுவனத்திடமிருந்து டி.எச்.எல். நிறுவனத்துக்கு மாற்றியது. பல குடோன்கள் பார்த்த வேலை, ரக்பி நகரின் ஒரே குடோனுக்குப் போனது. சில நாட்களில் சுமார் 900 கடைகளில் பல நூறு கடைகள் கோழி வராமல் மூடின. மறுமாதமே வடபகுதியின் 350 கடைகள்வரை பழைய நிறுவனத்திடம் திரும்பின. வெளியே கொடுத்தது இங்கே தவறல்ல, இரண்டு நிறுவனமும் வெளியார்தான். ஒரே நாளில், ஒரே குடோனில், எல்லாவற்றையும் மாற்றியதே வினை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களில் குடோன் மாற்றம் வேண்டாம் என்று ஜவுளிக்காரர்கள் சொல்வது இதனால்தான்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை சட்டத்திலேயே கிடக்கின்றன. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, பிறர் பொருளை வைத்திருப்பவர் சராசரி விவேகமுள்ள மனிதர் தன் பொருளைக் காப்பது போலக் காத்தால் போதும் (151-ம் பிரிவு). அதாவது, கவனமாக இருந்தும் தீப்பிடித்தால் நஷ்டம் சரக்குக்காரருக்கே. காப்பீடு யார் பெயரில் என்பதை எழுதிவைக்க வேண்டும். பழைய பாக்கி எதற்காகவும் சரக்கைப் பிடித்து வைக்கும் பொது உரிமை, ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தாலொழிய, சாதாரண குடோன்காரருக்கு இல்லை (171-ம் பிரிவு). அச்சடித்த ஒப்பந்தங்களில் அந்த வரி எங்கோ ஒரு மூலையில் இருக்கும். கையெழுத்துக்கு முன் அடித்துவிடலாம். எண்ணிக்கை குறைந்தால் ஈடு அடக்கவிலையிலா விற்பனை விலையிலா, வாங்கியவர் கொடுத்த ரொக்கம் எத்தனை நாளில் கைக்கு வரும், விலகும்போது சரக்கை வெளியே எடுக்க என்ன கட்டணம் என்பவையும் பேசித் தீர்க்க வேண்டியவை.

எல்லாம் உள்ளே அல்லது எல்லாம் வெளியே என்ற இரண்டே வழி இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ஓடும் 8 வகையை வெளி குடோனிலும், தூங்கும் 22 வகையையும் திரும்பி வரும் சட்டைகளையும் சொந்த இடத்திலும் வைப்பது மூன்றாவது வழி. பெட்டியைத் தானே கட்டி, பல கூரியர்களை ஒரே திரையில் ஒப்பிட்டுக் கொடுக்கும் இடைநிலை நிறுவனங்கள் மூலம் அனுப்புவது நான்காவது. சிறு வியாபாரிகள் பலருக்கு இதுவே போதுமானது. வெளியே போவதென்றால் சோதனை சிறிதாக இருக்கட்டும்: இரண்டு வகை, விற்பனை குறைந்த இரண்டு மாதம், மாதமொருமுறை சொல்லாமல் போய் அலமாரியில் எண்ணிப் பார்ப்பது. திரையில் 12 என்று இருந்து அலமாரியில் 9 இருந்தால், மீதிச் சரக்கை ஏற்றும் லாரியை அப்போதே நிறுத்திவிடலாம்.