குதிரை போன வழியில் சைக்கிள்

தென் இங்கிலாந்தில் ஆல்ஃப்ரிஸ்டன் என்றொரு சிற்றூர். அங்கே வந்ததும் ‘சவுத் டவுன்ஸ் வே’ என்ற நெடும்பாதை இரண்டாகப் பிரிகிறது. நடந்து வருகிறவர்கள் குக்மியர் ஆற்றங்கரையைப் பிடித்துக் கடலுக்குப் போய், ‘செவன் சிஸ்டர்ஸ்’ என்ற வெண்பாறை முகடுகளில் ஏறி இறங்கி, பீச்சி ஹெட் முனையைக் கடந்து ஈஸ்ட்போர்ன் நகரை அடைகிறார்கள். காலண்டர்களிலும் சினிமாவிலும் நாம் பார்க்கும் இங்கிலாந்துக் கடற்கரை அதுதான். மவுண்டன் பைக்கில் வந்தவர்களுக்கு அந்த வழி கிடையாது. அவர்கள் உள்நாட்டுப் பக்கமாக வின்டோவர் குன்றில் ஏறி, ஜெவிங்டன் என்ற ஊர் வழியாகத்தான் ஈஸ்ட்போர்ன் போக வேண்டும்.

பாறை விளிம்பில் சைக்கிள் ஓட்டினால் ஆபத்து என்பதால் இப்படி வைத்திருக்கிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மைக் காரணம் சட்டத்தில் இருக்கிறது. கடலோர வழி ‘நடைவழி’ என்று பதிவாகியிருக்கிறது; குன்றின் மேல் போவது ‘குதிரைவழி’ என்று பதிவாகியிருக்கிறது. இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் சைக்கிள் எங்கே போகலாம், எங்கே கூடாது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இந்தப் பதிவேடுதான்.

அங்கே வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் பெரும்பாலும் தனியார் சொத்து. ஆனால் காலங்காலமாக ஊர்மக்கள் அவற்றின் ஊடே நடந்த வழிகளில் பொதுமக்களுக்குப் போகும் உரிமை உண்டு. நில உரிமையாளர் அதை அடைக்க முடியாது. எந்த வழியில் யாருக்கு என்ன உரிமை என்று வரைபடம் போடும் பொறுப்பை 1949-ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்ட நிர்வாகங்களுக்குக் கொடுத்தது. அவை ஊர் மன்றங்களிடம் விவரம் கேட்டன. குதிரையோடு போன வழி என்று எழுதிக் கொடுத்த ஊரில் அது குதிரைவழி ஆனது. காலால் நடந்த வழி என்று எழுதியவர்களின் ஊரில் நடைவழி ஆனது. ஒரே பாதை ஒரு ஊரின் எல்லை வரை குதிரைவழியாக வந்து, அடுத்த ஊரில் திடீரென்று நடைவழியாக மாறும் வேடிக்கையை இன்றும் பார்க்கலாம். வழியோரக் கம்பங்களில் நீல அம்பு குதிரைவழியையும் மஞ்சள் அம்பு நடைவழியையும் காட்டும். சைக்கிள்காரர் மனப்பாடம் செய்ய வேண்டிய முதல் பாடம் இந்த இரண்டு நிறங்கள்தான்.

குதிரைவழியில் சைக்கிள் ஓட்டும் உரிமை வந்தது 1968-இல், கிராமப்புறச் சட்டத்தின் 30-ஆவது பிரிவால். அப்போது மவுண்டன் பைக் என்ற ஒன்றே உலகில் இல்லை. கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள் பழைய சைக்கிள்களை மலையிலிருந்து உருட்டி விளையாடத் தொடங்கியது 1970-களில். தொழிற்சாலையில் பெருமளவில் தயாரான முதல் மவுண்டன் பைக்குகளில் ஒன்றான ஸ்டம்ப்ஜம்பர் விற்பனைக்கு வந்தது 1981-இல். சட்டம் எழுதியவர்கள் மனதில் இருந்தது, கூடை மாட்டிய சைக்கிளில் உல்லாசமாகப் போகும் ஞாயிற்றுக்கிழமைப் பயணியாகத்தான் இருந்திருக்க வேண்டும். பருத்த டயரும் சஸ்பென்ஷனும் வந்தபோது, கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

அந்த உரிமை முழு உரிமையும் அல்ல. நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும். சைக்கிளுக்கு ஏற்றபடி பாதையைச் சீராக்கித் தரும் கடமை யாருக்கும் இல்லை என்றும் அதே பிரிவு சொல்லிவிட்டது. குழியும் சேறும் கல்லும் கிடந்தால் கிடந்ததுதான். மவுண்டன் பைக் ஓட்டுகிறவர்களுக்கு அதில் பெரிய வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. அவர்கள் குறை வேறு: இங்கிலாந்தின் பொதுவழிகளில் சைக்கிளுக்குத் திறந்திருப்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். வடக்கே ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலங்களில் நடந்தோ சைக்கிளிலோ போகலாம் என்கிறது. எல்லையைத் தாண்டினால் சட்டமே வேறு.

இந்தப் பின்னணியில்தான் சவுத் டவுன்ஸ் வே அருமையாகிறது. மேற்கே பழைய தலைநகரான விண்செஸ்டர், கிழக்கே ஈஸ்ட்போர்ன். இடையில் சுமார் 160 கிலோமீட்டர். முழுத் தூரத்தையும் சைக்கிளிலேயே சட்டப்படி கடக்கலாம். பாதை 1972-இல் கிழக்குப் பகுதியில் திறக்கப்பட்டு, பின்னர் விண்செஸ்டர் வரை நீட்டப்பட்டது. அது கடந்து போகும் நிலம் 2010-இல் தேசியப் பூங்காவானது. பூங்கா என்றதும் வேலி போட்ட காடு என்று நினைத்துவிடக் கூடாது. உழவும் மேய்ச்சலும் ஊர்களும் உள்ள பகுதி அது.

குன்றுகள் உயரமானவை அல்ல. மிக உயர்ந்த பட்சர் குன்றே சுமார் 270 மீட்டர்தான். இதைப் படித்துவிட்டு இளக்காரமாக வருகிறவர்களைப் பாதை மாலைக்குள் திருத்திவிடுகிறது. மியோன், அருன், அடூர், ஊஸ், குக்மியர் என்று ஐந்து ஆறுகள் குன்றுத் தொடரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கடலுக்கு ஓடுகின்றன. ஒவ்வொரு ஆற்றிலும் பாதை அடிமட்டத்துக்கு இறங்கி, மறுகரையில் மீண்டும் முகட்டுக்கு ஏறுகிறது. இப்படி ஏறிய உயரங்களைக் கூட்டினால் 4,000 மீட்டரை ஒட்டி வரும்.

எல்லாவற்றுக்கும் மூலம் குன்றின் கல். இது சீமைச்சுண்ணாம்பு, டைனோசர் காலத்துக் கடலில் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து உருவானது. பெய்யும் மழையை உறிஞ்சிக் கீழே விட்டுவிடும். அதனால் முகடு காய்ந்தே கிடக்கும். அடிவாரத்தில்தான் ஊற்று பொங்கும். கிணறும் ஓடையும் இருந்த இடத்தில் ஊர் அமைந்தது. ஈரமில்லாத முகட்டில் ஆட்டு மந்தைகளும் வண்டிகளும் போயின. பாதை மேலே, ஊர் கீழே என்ற அமைப்பு இப்படி வந்ததுதான். பழைய ஊர்களைப் பார்க்க வேண்டுமானால் நூறு, நூற்றைம்பது மீட்டர் இறங்கி, திரும்ப அவ்வளவும் மிதித்து ஏற வேண்டும். தேநீருக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இதே விலைதான். பாதையோரத்தில் ஆங்காங்கே குடிநீர்க் குழாய்கள் வைத்திருக்கிறார்கள். அவை எங்கே என்று முன்னதாகவே குறித்துக்கொள்ளாமல் கோடையில் கிளம்புவது புத்திசாலித்தனம் அல்ல.

இறங்கத் தகுந்த ஊர்கள் எவை? அருன் ஆற்றங்கரையின் ஆம்பர்லி, கூரை வேய்ந்த வீடுகளும் பிஷப்புகள் தங்கிய பழைய கோட்டையும் உள்ள ஊர். பாதையை ஒட்டியே ரயில் நிலையமும் உண்டு. பிக்னர் குன்றில் ரோமானியர் போட்ட ஸ்டேன் ஸ்ட்ரீட் சாலையைக் கடக்கிறோம். கீழே பிக்னரில் 1811-இல் ஒரு விவசாயியின் கலப்பையில் தட்டுப்பட்ட ரோமானிய மாளிகையின் மொசைக் தரைகள் இன்றும் அந்த இடத்திலேயே இருக்கின்றன. ஊஸ் ஆற்றருகே ராட்மெல். எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1919 முதல் வாழ்ந்த வீடு அங்கே.

எனக்கு இவற்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியுமென்றால் ஆல்ஃப்ரிஸ்டன். அங்குள்ள கிளெர்ஜி ஹவுஸ் 14-ஆம் நூற்றாண்டின் மரச்சட்ட வீடு. இடிந்து விழும் நிலையில் இருந்த அதை 1896-இல் நேஷனல் டிரஸ்ட் 10 பவுண்டுக்கு வாங்கியது. இன்று நூற்றுக்கணக்கான மாளிகைகளை வைத்திருக்கும் அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் அதுதான். குன்றின் சுண்ணாம்பையே இடித்துப் பரப்பி, புளித்த பாலை ஊற்றி மெழுகிய தரை. இவ்வளவு நேரம் டயருக்கு அடியில் அரைபட்ட அதே கல் ஒரு கூடத்தின் தரையாகக் கிடப்பதைப் பார்க்க, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அரை மணி செலவழிக்கலாம். அதைத் தாண்டிய ஜெவிங்டனுக்கு வேறொரு புகழ்: வாழைப்பழமும் டாஃபியும் சேர்ந்த பனாஃபி பை 1970-களின் தொடக்கத்தில் அங்கிருந்த ஓர் உணவகத்தில் பிறந்தது. உணவகம் மூடிவிட்டது, இனிப்பு உலகம் சுற்றுகிறது.

சைக்கிளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக்குள் சக்கிமுக்கிக் கற்கள் புதைந்திருக்கின்றன. உடைந்தால் கத்தி முனைதான். டயரின் பக்கச் சுவரையே கிழித்துவிடும். டியூப் இல்லாத டயரில் பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். மழை பெய்துவிட்டால் வெள்ளைப் பாதை சோப்புத் தேய்த்த தரைபோல வழுக்கும். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடிப்பதுதான் அப்போது செய்யக் கூடாத காரியம். மே முதல் செப்டம்பர் வரை நல்ல பருவம். காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால் விண்செஸ்டரில் தொடங்கினால் முதுகுக்குத் துணை கிடைக்கும். பலர் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே நாளில் முடிக்கும் முரடர்களும் உண்டு. அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் பச்சை நிற நீண்ட கோடுகளாகத் தெரிவது குதிரைவழி. பொதுவழியில் குறுகிய பச்சைக் கோடுகளைக் கண்டால் சைக்கிளைத் திருப்ப வேண்டியதுதான். மின்சார சைக்கிளும் போகலாம். மிதித்தால் மட்டுமே உதவ வேண்டும், மோட்டார் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் உதவி நின்றுவிட வேண்டும்.

நடைவழியில் ஓட்டினால் சிறைக்கா போவார்கள்? இல்லை. வயல் நடுவே போகும் நடைவழியில் சைக்கிள் ஓட்டுவது பொதுவாக அத்துமீறல். நில உரிமையாளர் உரிமை வழக்குத் தொடரலாம், குற்ற வழக்கு ஆகாது. அதற்காகத் துணிந்து ஓட்டுகிறவர்களால் கெட்ட பெயர் எல்லாச் சைக்கிள்காரர்களுக்கும் சேர்ந்தே வருகிறது.

வரைபடத்தில் ஏறாமல் விட்டுப்போன பழைய வழிகள் இன்னும் ஏராளம். அவற்றைப் பதிய 2000-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 வரை கெடு வைத்தது. பிறகு அது 2031 ஆனது. அந்தக் கெடுவையே நீக்கப்போவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. தேடும் வேலையில் முன்னணியில் இருப்பது பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி என்ற குதிரை ஆர்வலர் சங்கம். தேவாலய வரிக்காகப் போட்ட வரைபடங்களையும் பொதுநிலம் வேலியடைக்கப்பட்ட காலத்து ஆவணங்களையும் தன்னார்வலர்கள் புரட்டி, இன்ன வழியில் குதிரை போனது என்று சான்று திரட்டுகிறார்கள். ஒரு வழி குதிரைவழியாக ஏற்கப்பட்டால், 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி அன்றே சைக்கிளும் அதில் இறங்கலாம். தனியாக யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை.