வலுவற்ற மண்ணை வலுவாக்கும் முறைகள்

கட்டுமான இடத்தில் மண் வலுவற்றிருந்தால், பைல் எனும் நீண்ட தூண்களை இறக்கிச் சுமையை ஆழத்திலுள்ள கெட்டித் தரைக்குக் கொண்டுசெல்லலாம். அல்லது இருக்கும் மண்ணையே வலுப்படுத்தலாம். இரண்டாவது வழிக்குப் பல முறைகள் உண்டு. எது பொருந்தும் என்பது, மண் மணலா களிமண்ணா என்பதைப் பொறுத்தது.

மணலில் நீர் தடையின்றி ஓடும். அதனால் குலுக்கினாலே துகள்கள் நெருங்கி அமர்ந்துவிடும். நீண்ட உருளை வடிவ அதிர்வுக் கருவியை நீரைப் பீச்சியபடி தரைக்குள் இறக்கி, சிறிது சிறிதாக மேலே இழுப்பார்கள். மண் இறுக இறுகச் சுற்றிலும் பள்ளம் விழும்; அதில் மேலும் மணலைக் கொட்டி நிரப்புவார்கள். 1930களில் ஜெர்மனியில் உருவான முறை இது. 1964-இல் ஜப்பானின் நீகாட்டா நிலநடுக்கத்தில் ஈர மணல் குழம்பாக இளகி, அடுக்குமாடிக் கட்டடங்கள் சாய்ந்தன. முன்பே அதிர்வுக் கருவியால் இறுக்கப்பட்டிருந்த தரையில் சேதம் குறைவாக இருந்தது. மணலை இறுக்க, பல டன் எடையைக் கிரேனால் தூக்கித் திரும்பத் திரும்பப் போடும் முறையும் உண்டு; அது செலவு குறைந்தது. ஆனால் பக்கத்தில் கட்டடங்கள் இருந்தால் அதன் அதிர்வு ஆபத்து.

களிமண்ணில் குலுக்கல் பலிக்காது. அதன் நுண்துளைகளில் உள்ள நீர் மிக மெதுவாகவே வெளியேறும். ஆகவே மேலே மண்மேடு கொட்டி, அந்தச் சுமையால் நீரைப் பிழிந்தெடுக்கிறார்கள். நீர் கடக்கவேண்டிய தொலைவு பாதியானால், அதற்காகும் காலம் நான்கில் ஒன்றாகும். அதனால்தான் ஒன்றிரண்டு மீட்டர் இடைவெளியில் நெகிழி வடிகால் பட்டைகளைச் செங்குத்தாகச் செருகுகிறார்கள். பல ஆண்டுகள் எடுக்கும் வேலை சில மாதங்களில் முடிகிறது. ஆனால் வடிகால் எட்டும் ஆழம் வரைதான் பயன். 1994-இல் திறக்கப்பட்ட ஜப்பானின் கான்சாய் விமான நிலையம் அமைந்த செயற்கைத் தீவில், மேலடுக்குக் களிமண்ணுக்கு மணல் வடிகால்கள் அமைத்தார்கள். அவை எட்டாத ஆழ்அடுக்குகள் இறுகிக்கொண்டிருப்பதால் அத்தீவு இன்னும் அமிழ்கிறது.

காத்திருக்க நேரமில்லையென்றால் ஜல்லித் தூண்கள் கைகொடுக்கும். தரையில் துளையிட்டு ஜல்லியை நிரப்பி இறுக்கினால், தூண் சுமையையும் தாங்கும், நீரையும் வடிக்கும். ஆனால் களிமண் மிகவும் இளகியதாக இருந்தால் ஜல்லியைப் பக்கவாட்டில் இறுக்கிப்பிடிக்காது, தூண் பிதுங்கிவிடும். அங்கே சுழலும் அலகுகளால் சிமெண்டையோ சுண்ணாம்பையோ ஆழத்திலேயே மண்ணோடு கலப்பார்கள். செலவு அதிகம், மட்கிய தாவரப் பொருள் மிகுந்த மண்ணில் சிமெண்ட் சரியாக இறுகாது.

கரிசல் மண்ணின் சிக்கல் வேறு: மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். சாலைக்கு அடியில் மேல்மண்ணோடு சுண்ணாம்பைக் கலந்தால் உப்பல் குறையும்.

நேரம் இருந்தால் சுமையும் வடிகாலும், அவசரமென்றால் தூணோ சிமெண்டோ என்பது களிமண்ணுக்கான பொது விதி. எந்த முறையானாலும் வேலைக்கு முன்னும் பின்னும் மண்ணைத் துளையிட்டுச் சோதிக்காமல் கட்டடம் எழுப்பக் கூடாது.