சாலை பொதுவென்றால், கணக்கு மட்டும் ஏன் சேரியின் தலையில்?

ஒவ்வோர் ஆண்டும் மாநில நிதிநிலை அறிக்கை தாக்கலானதும் இரண்டு செய்திகள் வெளிவருகின்றன. மேம்பாலம், புறவழிச் சாலை, மெட்ரோ இரயில், பேருந்து ஆகியவற்றுக்குப் பல்லாயிரம் கோடி என்பது ஒன்று. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் துணைத் திட்டத்துக்குப் பல்லாயிரம் கோடி என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தனித்தனிச் செய்திகளாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். ஆனால், முதல் தொகையின் ஒரு பகுதியை இரண்டாம் தொகைக்குள்ளும் எண்ணிக் காட்டும் வழி அரசுகளின் கையில் இருக்கிறது. பிற மாநிலங்களில் அது எப்படிக் கையாளப்பட்டது, தமிழ்நாட்டில் நாம் எதைக் கண்காணிக்க வேண்டும் என்பதை இங்கே விளக்க முயல்கிறோம்.

துணைத் திட்டம் எதற்காக வந்தது?

பொதுவான வளர்ச்சித் திட்டங்களின் பயன் தானாகவே சேரிக்கும் மலைக்கும் வந்து சேரும் என்ற நம்பிக்கை, விடுதலைக்குப் பிந்தைய கால் நூற்றாண்டிலேயே பொய்த்துப்போனது. அதன் விளைவாக, ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பழங்குடியினருக்கான துணைத் திட்டமும், 1979-இல் பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறுத் திட்டமும் உருவாயின. மக்கள்தொகையில் எத்தனை விழுக்காடோ, திட்ட நிதியிலும் குறைந்தது அத்தனை விழுக்காடு என்பதே அவற்றின் அடிப்படை. இந்நிதியை வேறு பணிகளுக்குத் திருப்பக் கூடாது, செலவாகாத நிதி காலாவதியாகக் கூடாது என்று திட்டக்குழு 2005-இல் வழிகாட்டு நெறிகளை வகுத்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 1,44,38,445 பேர், அதாவது 20.01 விழுக்காடு. பழங்குடியினர் 1.10 விழுக்காடு.

வழிகாட்டு நெறியை மீறும் அரசை நீதிமன்றத்தில் நிறுத்துவது கடினம். ஆகவேதான் இதற்குச் சட்ட வடிவம் வேண்டும் என்று தலித் இயக்கங்கள் போராடின. ஆந்திரப் பிரதேசமும் கர்நாடகமும் 2013-இல் சட்டம் இயற்றின. தெலங்கானா 2017-இலும் இராஜஸ்தான் 2022-இலும் அவ்வழியில் சென்றன. தமிழ்நாடு சட்டமன்றம் 2024 ஜூனில் தனக்கான சட்டத்தை நிறைவேற்றியது.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். துணைத் திட்டம் என்பது பொதுச் செலவில் நமக்குக் கிடைக்கும் பங்கைக் குறிப்பதன்று. பொதுச் செலவில் குடிமக்கள் அனைவருக்கும் உள்ள உரிமை நமக்கும் உண்டு. அதற்கு மேலாக, நூற்றாண்டுகளாக உருவாக்கப்பட்ட இடைவெளியை நிரப்புவதற்கென ஒதுக்கப்படுவதே துணைத் திட்ட நிதி. அரசமைப்புச் சட்டத்தின் 46ஆம் கூறு, நலிந்த பிரிவினரின், குறிப்பாகப் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கல்வி, பொருளாதார நலன்களைச் சிறப்புக் கவனத்துடன் பேணுமாறு அரசைப் பணிக்கிறது. அந்தச் சிறப்புக் கவனத்தின் நிதி வடிவமே இது.

‘பிரிக்க இயலாத’ என்னும் வாசல்

கர்நாடகச் சட்டத்தின் 7ஆம் பிரிவு செலவினங்களை நான்காக வகுத்தது. முதலாவது, பட்டியல் சாதி, பழங்குடித் தனிநபர்களுக்கும் குடும்பங்களுக்கும் மட்டுமே பயன்படும் திட்டங்கள். இரண்டாவது, அவர்களின் குடியிருப்புகளுக்குப் பயன்படுபவை. மூன்றாவது, பிறரோடு சேர்ந்து அவர்களும் பயன்பெறும் பொதுத் திட்டங்கள். இவற்றில் பயனாளிகளின் விகிதத்துக்கு ஏற்பக் கணக்கிடலாம். நான்காவதாக வந்த 7(டி) உட்பிரிவுதான் சிக்கலுக்குரியது. சாலை, பாலம், நீர்ப்பாசனம் போன்ற ‘பிரிக்க இயலாத’ உட்கட்டமைப்புப் பணிகளின் செலவில் ஒரு பகுதியைத் துணைத் திட்டத்தில் செலவிடப்பட்டதாகவே கருதிக்கொள்ள அது இடமளித்தது.

‘கருதிக்கொள்ளுதல்’ என்ற சட்டச் சொல்லின் வலிமையை வழக்கறிஞர்கள் அறிவோம். நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாகக் கொள்வதற்கு அச்சொல் போதும். எந்தக் குடியிருப்புக்கும் செல்லாத ஒரு சாலை, ஏட்டில் சேரிக்குச் சென்றுவிடும். தலித் அமைப்புகளின் நீண்ட எதிர்ப்புக்குப் பின் 2023-இல் இவ்வுட்பிரிவு நீக்கப்பட்டது.

எனினும், ஒரு வாசல் அடைபட்ட அதே ஆண்டில் இன்னொரு வாசல் திறந்தது. 2023-24-இல் துணைத் திட்டங்களுக்கென ஒதுக்கப்பட்ட சுமார் 34,294 கோடி ரூபாயில் ஏறத்தாழ 11,144 கோடியைத் தேர்தல் வாக்குறுதித் திட்டங்களுக்குக் கர்நாடக அரசு ஒதுக்கியது. பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துத் திட்டமான ‘சக்தி’யும் அவ்வாக்குறுதித் திட்டங்களுள் ஒன்று. இப்பணம் பட்டியல் சாதி, பழங்குடிப் பயனாளிகளுக்கே செல்கிறது என்பது அரசின் விளக்கம்.

கட்டணமில்லாப் பேருந்தை நாம் எதிர்க்கவில்லை. வேலைக்கும் கல்லூரிக்கும் செல்லும் பெண்களுக்கு அது பெரும் விடுதலை. கேள்வி, யாருடைய கட்டணத்தை எந்தப் பணம் ஈடுசெய்கிறது என்பதே. பிற பெண்களின் பயணத்துக்குப் பொது நிதியும், தலித் பெண்ணின் பயணத்துக்குத் துணைத் திட்ட நிதியும் செலவாகுமானால், அவள் இலவசமாகப் பயணம் செய்யவில்லை. தன் சமூகத்தின் விடுதிக்கும் நிலத்துக்கும் கல்வி உதவித்தொகைக்கும் உரிய பணத்திலிருந்து பயணச்சீட்டு வாங்குகிறாள்.

தில்லி தரும் பாடம்

சட்டம் இல்லாதபோது இது எவ்வளவு தூரம் செல்லும் என்பதைத் தில்லியில் கண்டோம். 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளுக்கான பணிகளுக்கு, தில்லி அரசு பட்டியல் சாதியினர் சிறப்புக் கூறுத் திட்ட நிதியைத் திருப்பிவிட்டது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்தது. ஐந்து ஆண்டுகளில் 744 கோடி ரூபாய் திருப்பப்பட்டதாக வீட்டுவசதி, நில உரிமைகள் வலையமைப்பு வெளிப்படுத்தியது. அன்றைய ஒன்றிய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம், சுமார் 678 கோடி திருப்பப்பட்டதை மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டு, அது தவறு என்றும் கூறினார். ஆவணங்களைக் கேட்டவர்கள் இருந்ததால்தான் அது விவாதமானது என்பதை நாம் மறக்கலாகாது.

“அவர்களும் அந்தச் சாலையில்தானே செல்கிறார்கள்?”

இதுவே நம்மிடம் வழக்கமாக வைக்கப்படும் வாதம். செல்கிறோம், குடிமக்களாக, வரி செலுத்துபவர்களாகச் செல்கிறோம். ஆனால் அந்த உரிமையும் எளிதில் கிடைத்ததன்று. பொதுச் சாலைகளும் கிணறுகளும் அனைவருக்கும் உரியவை என்று 1924-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆதிதிராவிடரை ஏற்ற மறுத்த பேருந்துகளின் உரிமத்தில் கைவைப்பதாக, இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த வ.பு.அ. சௌந்தரபாண்டியன் ஆணையிட வேண்டியிருந்தது. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியபோது, அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளர்ந்தனர். கலவரத்தின் முடிவில், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியது. சுந்தரலிங்கம் என்ற பெயரைத் தாங்க மறுத்த அதே ‘பொது’தான், செலவுக் கணக்கு எழுதும்போது மட்டும் நம்மை அன்போடு உள்ளே அழைக்கிறது.

இக்கணக்கு முறை எவ்வளவு பெரிய பொய்யை உருவாக்கக்கூடும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சென்னை மெட்ரோ இரயில் இரண்டாம் கட்டத்தின் மதிப்பீடு 63,246 கோடி ரூபாய், நீளம் 118.9 கிலோமீட்டர். இத்தகைய ஒரு திட்டத்தின் 20 விழுக்காட்டைத் துணைத் திட்டச் செலவாகக் ‘கருதிக்கொண்டால்’, 12,600 கோடிக்கு மேல் பட்டியல் சாதியினருக்குச் செலவிடப்பட்டதாக ஏடு சொல்லும். ஆதிதிராவிடர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிகளுக்கென 2023-24-இல் அறிவிக்கப்பட்ட அயோத்திதாசப் பண்டிதர் குடியிருப்புகள் மேம்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாண்டு மதிப்பீடு 1,000 கோடி. அதைப் போலப் பன்னிரண்டு மடங்குத் தொகை செலவானதாக ஏடு காட்டும். ஒரு சேரியின் தெருவிலும் கல் பெயர்ந்திருக்காது.

மூன்று கேள்விகள்

ஒரு செலவு துணைத் திட்டத்துக்கு உரியதா என்பதை அறிய மூன்று கேள்விகள் போதும். பயன்பெறும் தலித் குடும்பத்தையோ குடியிருப்பையோ பெயர் சொல்லிக் காட்ட முடியுமா? அச்செலவு பிறருக்கும் தலித்துகளுக்கும் இடையிலான இடைவெளியைக் குறைக்கிறதா? துணைத் திட்டமே இல்லாவிடினும் அரசு இச்செலவைச் செய்திருக்குமா? முதல் இரண்டுக்கும் ‘ஆம்’ என்றும், மூன்றாவதற்கு ‘இல்லை’ என்றும் விடை வர வேண்டும்.

ஊரிலிருந்து சேரிக்குச் செல்லும் இணைப்புச் சாலை, மயானத்துக்கான பாதை, குடியிருப்பின் வாயில்வரை வரும் சிற்றுந்து ஆகியவை இச்சோதனையில் தேறும். புறவழிச் சாலையும் மேம்பாலமும் தேறா. எனவே, போக்குவரத்துக்கும் துணைத் திட்டத்துக்கும் தொடர்பே இருக்கக் கூடாது என்பது நம் நிலைப்பாடன்று. பிணத்தை வயல் வரப்பில் சுமந்து செல்லும் ஊருக்குப் பாதை போடுவதே அந்நிதியின் வேலை.

இச்சோதனையை மாணவர்களும் செய்யலாம். ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையிலும், 789 என்ற சிறுதலைப்பு பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறுத் திட்டத்தையும், 796 பழங்குடியினர் பகுதித் துணைத் திட்டத்தையும் குறிக்கும். சாலை, பாலங்களுக்கான மூலதனச் செலவு 5054 என்ற பெருந்தலைப்பிலும், சாலைப் போக்குவரத்துக்கான வருவாய்ச் செலவு 3055-இலும் வரும். இவற்றின்கீழ் 789 தென்பட்டால், அத்தொகையில் எந்த ஊரில் எந்தப் பணி நடந்தது, எந்தக் குடியிருப்பு பயன்பெற்றது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 6ஆம் பிரிவின்கீழ் அத்துறையின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். ஒதுக்கப்பட்ட நிதி, உத்தேசச் செலவு, வழங்கிய தொகை ஆகியவற்றைக் கேளாமலேயே வெளியிடுமாறு அச்சட்டத்தின் 4(1)(பி) பிரிவு அரசைப் பணிக்கிறது என்பதையும் மனுவில் சுட்டிக்காட்டுங்கள். பணி நடந்த இடத்துக்கு நேரில் சென்று, கிடைத்த விடையோடு ஒப்பிடுங்கள்.

தமிழ்நாட்டிடம் நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் மூன்று. பிரிக்க இயலாத உட்கட்டமைப்புச் செலவு எதையும் துணைத் திட்டத்தில் சேர்க்கலாகாது என்பதை விதிகளிலேயே எழுத வேண்டும். 789, 796 தலைப்புகளின்கீழ் வரும் ஒவ்வொரு பணியையும் ஊர், குடியிருப்பு வாரியாக இணையத்தில் வெளியிட வேண்டும். நிதியைத் திருப்பும் அலுவலர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

மேம்பாலம் கட்டுங்கள், பேருந்தும் விடுங்கள். அவற்றுக்கான பணத்தைப் பொது நிதியிலிருந்து எடுங்கள். அந்தப் பொது நிதியிலும் எங்களுக்கு உரிமை உண்டு.